அருகில் இருப்பவரும் மீண்டும் வருபவரும்

தனிமையில் இரு வகை உண்டு. படிப்பதற்காகவும் செபிப்பதற்காகவும் நாமே தேடிக்கொள்ளும் தனிமை மனத்தை வளப்படுத்தும். கதவைத் தட்டுவார் எவருமின்றி, நாள் முழுதும் ஒரு சொல்லும் பேசாது கழியும் தனிமையோ மனத்தோடு உடலையும் சேர்த்து அரித்துவிடும். உலகில் 6 பேருக்கு ஒருவர் தனிமையுணர்வால் வாடுகிறார் என்றும், ஆண்டுக்கு 8,71,000-க்கும் மேற்பட்ட இறப்புகளோடு அதற்குத் தொடர்பு உண்டு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் மதிப்பிட்டது. முதியோரைப் போலவே இளைஞரையும் இத்துயர் பற்றியிருக்கிறது என்பதையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது.

கைப்பேசியைக் கொண்டே இதற்கு மருந்து காணலாகாதா? உதவ விரும்புவோரையும் உதவி வேண்டுவோரையும் ஒரே தெருவில் கண்டுபிடித்து இணைத்து வைக்கும் செயலி ஒன்றை ஆக்கலாகாதா? கணினி கற்ற நம் இளைஞர் உள்ளத்தில் இவ்வினா எழுவது இயல்பே. விடை காண, இங்கிலாந்து நாட்டில் மிகப் பெரிய அளவில் செய்து பார்க்கப்பட்ட ஒரு முயற்சியைச் சற்று உற்று நோக்குவோம்.

ஐந்தே நாள்களில் ஏழரை இலட்சம் பேர்

2020 மார்ச் மாதத்தில் கொரோனாக் கொள்ளைநோய் அந்நாட்டில் விரைந்து பரவியது. நோய் தொற்றினால் உயிருக்கே ஆபத்து என்னும் நிலையிலிருந்த சுமார் 15 இலட்சம் பேர் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டனர். அவர்களுக்கு மருந்தும் உணவுப் பொருளும் வாங்கித் தரவும், தொலைபேசியில் அன்பாக நலம் விசாரிக்கவும் 2,50,000 தொண்டர்கள் தேவை என மார்ச் 24-ஆம் நாள் அரசு அறிவித்தது. ஒரே நாளில் 5 இலட்சம் பேர் பெயர் கொடுத்தனர். மார்ச் 29-ஆம் நாள், எண்ணிக்கை 7,50,000-ஐ எட்டிய நிலையில், புதிய பெயர்ப்பதிவை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. மனிதர் கல்நெஞ்சர் என்று சலித்துக்கொள்வோர் இந்த எண்ணை நினைவில் வைப்பது நல்லது.

இவர்களை வேலைக்கு அமர்த்தும் பொறுப்பை, 1938-இல் தோன்றிய 'ராயல் வாலண்டரி சர்வீஸ்' என்னும் தொண்டு நிறுவனம் ஏற்றது. அதற்குக் கருவியாக அமைந்த செயலியின் பெயர் 'குட்சாம்'. நல்ல சமாரியனை நினைவூட்டும் பெயர் அது. எங்கேனும் ஒருவரின் இதயத் துடிப்பு திடீரென நின்றுவிட்டால், அருகிலிருக்கும் முதலுதவி கற்ற ஒருவரை ஆம்புலன்ஸ் வருமுன்னரே அழைப்பதற்காக அது முதலில் ஆக்கப்பட்டது. அந்த ஏற்பாடே இப்போது அயலார் உதவிக்குத் திருப்பப்பட்டது. தொண்டர் தமக்கு ஓய்வு உள்ள நேரத்தில் செயலியில் 'பணிக்கு ஆயத்தம்' என்று குறித்துவிடுவார். வேண்டுகோள் வந்தவுடன் அருகிலுள்ள தொண்டரின் கைப்பேசி உரக்க ஒலிக்கும். அவர் ஏற்றால் பணி அவருடையது. இல்லையேல் அடுத்தவருக்குச் செல்லும்.

உதவி பெறுவோரிடம் கைப்பேசி இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இருக்கவில்லை. மருத்துவரோ மருந்துக் கடைக்காரரோ அவர்களுக்காகப் பதிவு செய்ய முடிந்தது. அவர்களே சாதாரணத் தொலைபேசியிலும் கேட்க முடிந்தது. செயலி கொடுப்பவருக்கு மட்டுமே. பெறுபவருக்கு மனிதக் குரல்! இது சிறந்த ஏற்பாடு. தனித்து வாழும் எண்பது வயது மூதாட்டியிடம் செயலியைத் தரவிறக்கச் சொல்வது, நடக்க இயலாதவரை மாடிக்கு வந்து மருந்து வாங்கிக்கொள் என்பது போன்றதன்றோ!

எங்கே இடறியது?

எனினும் தொண்டர்களுள் மிகப் பலர் கைப்பேசியைப் பார்த்தவாறே வாரக்கணக்கில் காத்திருந்தனர். அழைப்பு வரவில்லை. வேண்டுகோள்களைவிடத் தொண்டர்களே மிகுதியாக இருந்தனர். இதில் நாம் சிந்திக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. கொடுக்க முன்வருவது எளிது. கேட்க முன்வருவது கடினம். "பிறருக்குத் தொல்லை தரலாகாது" என்றே வாழ்ந்து பழகியவர் தம் தனிமையை எந்த எண்ணுக்கும் அழைத்துச் சொல்ல மாட்டார். அவரை அறிந்த ஒருவர் நேரில் சென்று, பேச்சோடு பேச்சாக, அவர் தேவையை உணர்ந்து வர வேண்டும். இப்பணியை எந்தச் செயலியும் செய்யாது.

இரண்டாவது இடறல் இன்னும் நுட்பமானது. மாரடைப்புற்றவருக்கு வேண்டுபவர் மிக அருகில் இருப்பவர். அவர் யாராயினும் சரி. ஆனால் தனிமையுற்றவருக்கு வேண்டுபவர் யார்? இன்று ஒரு குரல், நாளை மற்றொரு குரல், மறுநாள் வேறொரு குரல் நலம் விசாரித்தால், ஒவ்வொரு முறையும் தம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். காய்கறி வாங்கி வருபவர் மாறலாம்; நண்பர் மாறலாகாது. இத்தேவையை உணர்ந்தே, ஒரே தொண்டர் தொடர்ந்து பேசும் ஏற்பாடும் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. இத்திட்டம் சில மாற்றங்களுடன் நடைபெற்று, 2025-இல் முடிவுக்கு வந்தது.

ஓடி வந்த உறவு

இதற்கு முன்பே இலண்டனில் வேறொரு வழி திறக்கப்பட்டிருந்தது. உடற்பயிற்சிக் கூடங்களில் வீணாகும் மனித ஆற்றலைக் கண்ட ஐவோ கோர்ம்லி என்பவர் 2009-இல் 'குட்ஜிம்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். உடல் நலத்திற்காக ஓடுவோர், ஓடும் வழியில் தனித்து வாழும் முதியவர் ஒருவரின் வீட்டுக்குச் சென்று உரையாடிவிட்டு ஓடித் திரும்புவர். வாரந்தோறும் அதே ஓட்டக்காரர், அதே வீடு. சிறப்பு யாதெனில், அம்முதியவர் அங்கே 'உதவி பெறுபவர்' என அழைக்கப்படுவதில்லை. 'பயிற்சியாளர்' என்றே அழைக்கப்படுவார்! அவர் காத்திருக்கிறார் என்பதாலேயே இளைஞர் மழையிலும் ஓடுகிறார். ஆகவே முதியவரும் கொடுப்பவராகிறார். இரக்கத்திற்கு உரியவராக அன்றி, தேவைப்படுபவராக உணர்வதே தனிமைக்கு நல்ல மருந்து.

செயலி ஆக்க விரும்பும் இளைஞருக்கு நாம் கூற விழைவது இதுவே: முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தொடங்குங்கள். தெருவில் பத்து வீடுகளுக்குச் சென்று, யாரை யார் பார்க்க வருகிறார் என்று கேட்டறியுங்கள். தொண்டு செய்ய வருவோர் யார், எத்தகையோர் என்பதை நன்கு விசாரித்த பின்னரே முதியோர் வீட்டுக்கு அனுப்புங்கள். ஒருவருக்கு ஒருவரையே, பல மாதங்களுக்கு, இணைத்து வையுங்கள். பார்க்கச் செல்பவர் தாமும் ஒன்றைக் கேட்டுப் பெறட்டும்: ஒரு சமையல் பக்குவம், ஒரு பழைய பாட்டு, கணக்குப் பாடத்தில் ஓர் ஐயம். இவையெல்லாம் நடைபெறத் தொடங்கி, நோட்டுப் புத்தகம் போதாமற்போகும் நாளில் செயலியை எழுதுங்கள். அன்று அது பயன்படும்.

நல்ல சமாரியன் உவமையில் நாம் எளிதில் கடந்து செல்லும் ஒரு செய்தி உண்டு. அவன் காயத்தைக் கட்டியதோடும் சத்திரத்தில் சேர்த்ததோடும் நிற்கவில்லை. இரண்டு வெள்ளிக் காசுகளைக் கொடுத்து, மேலும் செலவானால் தான் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் சென்றான். அருகில் வந்ததால் உயிரைக் காத்தான். திரும்பி வருவதாகச் சொன்னதால் உறவினன் ஆனான். நம் தெருவில் அந்த இரண்டாம் வருகைக்காகக் காத்திருப்பவர் யார்? இந்த வாரமே விசாரித்து அறிவோமாக.