சவர்நீரும் சராசரியும்

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் மாரி மழைநீர் நிலத்துள் இறங்கிக் கனத்த உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. ஆகையால் கிணற்றுக்குக் கிணறு சுவை வேறுபடும். இதனைக்கொண்டே பரீட்சை வினாவொன்று அமைப்போம்.

நல்ல கிணற்று நீரில் லீற்றருக்கு 1 கிராம் உப்பு. சவர்க் கிணற்றில் 5 கிராம். ஒரே குடத்தால் முன்னதில் 30 குடமும் பின்னதில் 10 குடமும் தொட்டியில் ஊற்றினால், கலவையில் லீற்றருக்கு உப்பு எவ்வளவு?

1ஐயும் 5ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 3 என்று எழுதுவோர் பலர். இரண்டும் சமமாக ஊற்றப்பட்டிருந்தாலன்றி அது பொருந்தாது. 30ஐ 1ஆலும் 10ஐ 5ஆலும் பெருக்கிக் கூட்ட 80. அதனை 40 குடத்தால் வகுக்க, 2 கிராம். இதுவே நிறையேற்றிய சராசரி.

நேரம் போதாதவிடத்து நான் விரும்பும் வழி வேறு. வித்தியாசம் 4, சவர்நீர் மொத்தத்தில் காற்பங்கு, நாலின் காற்பங்கு 1. அதனை நன்னீரின் 1உடன் கூட்டினால் விடை கிடைத்துவிடும்.

வினாவைத் திருப்பியும் கேட்பார்கள். கோடையில் நன்னீர் 21 குடந்தான் உண்டு. உப்பு 1½ கிராமைத் தாண்டலாகாது. சவர்நீர் எத்தனை குடம் சேர்க்கலாம்? நன்னீர் எல்லைக்கு அரைக் கிராம் குறைவு. சவர்நீரோ 3½ கிராம் மிகை. ஒரு குடச் சவரை ஈடுசெய்ய ஏழு குடம் நன்னீர் வேண்டும். எனவே மூன்று குடம். நான்காவதை ஊற்றினால் தொட்டி நீர் முழுவதும் எல்லை கடந்துவிடும்.