பிரிக்காத பெட்டியின் விலை

டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1932ஆம் ஆண்டு ஒரு தச்சர் தொடங்கிய லெகோ நிறுவனம், ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டு ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான புதிய தொகுப்புகளை வெளியிடுகிறது. 'செட்' எனப்படும் இத்தொகுப்புகளில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளே தயாரிப்பில் இருந்து பின்னர் நிறுத்தப்படுகின்றன. இந்த நிறுத்தத்தையே சேகரிப்பாளர்கள் 'ரிடையர் ஆவது' என்கின்றனர். ரிடையரான செட்டுக்குப் புதிய வரத்து இல்லாததால் சீல் உடையாத பெட்டியின் விலை ஏறும் என்ற கணிப்பில், விளையாடும் எண்ணமே இல்லாதவர்களும் பெட்டிகளை வாங்கி அலமாரியில் அடுக்குகின்றனர். தங்கத்துக்கும் பங்குக்கும் மாற்றான சேமிப்பாக இது பேசப்படவும் தொடங்கியுள்ளது.

இப்பேச்சுக்கு ஆதாரமாகப் பெரிதும் காட்டப்படுவது, மாஸ்கோவின் உயர் பொருளியல் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 1987 முதல் 2015 வரையிலான 2,322 செட்டுகளின் விலைகளைத் திரட்டி எழுதிய ஆய்வுக் கட்டுரையாகும். ஆண்டுக்குச் சராசரி 11 விழுக்காடு ஆதாயம் என்ற அதன் முடிவு பரவிய அளவுக்கு, தனித்தனிச் செட்டுகளின் ஆண்டு ஆதாயம் 50 விழுக்காடு நட்டத்துக்கும் 600 விழுக்காடு இலாபத்துக்கும் இடையே சிதறிக் கிடந்தது என்ற அதே கட்டுரையின் செய்தி பரவவில்லை. இரண்டாயிரம் செட்டுகளுக்குக் கிடைத்த சராசரி, பத்துப் பெட்டி வைத்திருப்பவருக்கும் கிடைத்தே தீரும் என்று கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

சிதறலுக்குரிய முதற்காரணம் உற்பத்தியாளரின் கையிலேயே இருக்கிறது. 2008இல் 5,922 துண்டுகளுடன் அமெரிக்காவில் 299.99 டாலருக்கு வந்த தாஜ்மகால் செட், ரிடையரான பின் வெளிச்சந்தையில் ஆயிரம் டாலரைத் தாண்டியது. 2017 நவம்பரில் நிறுவனம் ஏறக்குறைய அதே செட்டை 5,923 துண்டுகளுடன் 369.99 டாலருக்கு மீண்டும் வெளியிட்டதும், பழைய பெட்டிக்கு அதுவரை இருந்த அருமை குறைந்துபோயிற்று. அதே ஆண்டு 7,541 துண்டுகளுடன் வந்த மில்லேனியம் ஃபால்கன் விண்கலம் வேறொரு பாடம்: விரைவில் ரிடையராகும் என நம்பி அதை வாங்கி வைத்தவர்கள் காத்திருக்க, எட்டு ஆண்டுகள் கழித்தும் அது கடையில் விற்பனையில் இருந்தது. மறுவெளியீடு செய்யமாட்டோம் என்றோ, இன்ன நாளில் நிறுத்துவோம் என்றோ நிறுவனம் எவருக்கும் வாக்களிக்காததால், இவ்வகை இழப்புக்கு நீதிமன்றத்தில் பரிகாரம் தேடுவது எளிதன்று. பழைய செட்டுகளும் உதிரிகளும் கைமாறும் பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தையை 2019இல் லெகோ நிறுவனமே வாங்கிக்கொண்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எந்தப் பழைய பெட்டிக்கு எவ்வளவு கிராக்கி என்பதை மற்றவர்களைவிட நன்கு அறிந்திருப்பவர் உற்பத்தியாளரே என்பது விளங்கும்.

செலவுக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 30,000 ரூபாய்க்கு வாங்கிய பெட்டி ஐந்தாண்டில் 45,000 ரூபாய்க்கு விலைபோனால் ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஆதாயம் வந்ததாகத் தோன்றும்; விற்பனைத் தளத்தின் தரகு 15 விழுக்காடு எனக் கொண்டு 6,750 ரூபாயும், பெரிய பெட்டியை நசுங்காமல் அனுப்பும் செலவாக 2,500 ரூபாயும் கழித்தால் கையில் நிற்பது 35,750 ரூபாய், அதாவது ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு. வங்கி வைப்புத்தொகைக்குக் கரையான் பயமும் இல்லை, ஈரக்காற்றில் அட்டை உப்பும் பயமும் இல்லை.

விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டிலும் குறைவாகவே அறியப்பட்ட ஆபத்து சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7)ஆம் பிரிவு 'நுகர்வோர்' என்ற சொல்லுக்கு இலக்கணம் கூறும்போது, மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ பொருள் பெறுபவரை வெளிப்படையாக விலக்கிவிடுகிறது. பிள்ளைக்காக ஒரு செட் வாங்கிய தந்தை குறைதீர் ஆணையத்தின் படியேறலாம்; அதே கடையில், அதே நாளில், அதே செட்டில் ஆறு பெட்டிகளை விற்பதற்கென்று வாங்கியவர், உள்ளே குறைபாடு இருந்தாலும் அங்கே நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலால் பிழைப்பதற்காகப் பொருளை வாங்கிப் பயன்படுத்துவோருக்குச் சட்டம் தரும் விலக்கு, தையல் இயந்திரம் வாங்கும் தையற்காரரைப் போன்றவர்களுக்கு உரியது; வாங்கியதை அப்படியே விற்பவருக்கு அது உதவாது. நோக்கம் வணிகமா அல்லவா என்பது ஒவ்வொரு வழக்கின் சூழலையும் பொறுத்துத் தீர்மானிக்கப்பட வேண்டிய கேள்வி என்று, கோவையில் தயாரான இயந்திரம் ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் கூறியுள்ளதால், பெட்டிகளின் எண்ணிக்கை, முந்தைய விற்பனைகள், சமூக ஊடகத்தில் தாமே போட்டுக்கொண்ட 'முதலீட்டு' படங்கள் ஆகியவை எதிர்த்தரப்பின் சான்றுகளாக வந்து நிற்கக்கூடும். பங்குச்சந்தை முதலீட்டாளருக்கு உள்ள செபி போன்ற கண்காணிப்பு அமைப்பும் பொம்மைப் பெட்டிக்கு இல்லை. ஆக, இவ்வாறு வாங்குபவர் நுகர்வோருக்குரிய காப்பையும் முதலீட்டாளருக்குரிய காப்பையும் ஒருங்கே இழந்து நிற்கிறார்.

இந்நிலையில் போலிப் பெட்டி வந்து சேர்ந்தால் சிக்கல் பெருகுகிறது. கட்டையின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதன் வடிவத்தை வணிகக்குறியாகப் பதிய முடியாது என ஐரோப்பிய நீதிமன்றமும் 2010இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே பொருந்தும் கட்டைகளைத் தம் சொந்தப் பெயரில் பிறர் விற்பது குற்றமன்று. லெபின் என்ற பெயரில் லெகோவின் செட்டுகளையே அப்படியே நகலெடுத்த சீனக் கும்பல் 2019இல் பிடிபட்டு, அதன் தலைவருக்கு ஷாங்காய் நீதிமன்றம் 2020இல் ஆறாண்டுச் சிறையும் 9 கோடி யுவான் தண்டமும் விதித்தது வேறு வகை.

இவற்றைவிட நுட்பமானது, அசல் பெட்டிக்குள் நடக்கும் திருட்டு. 2003இல் வந்த கிளவுட் சிட்டி செட்டில் இருந்த, கைகளில் அச்சுவேலைப்பாடு கொண்ட, போபா ஃபெட் என்ற திரைப்படப் பாத்திரத்தின் உருவம் ஒன்று மட்டுமே முழுச் செட்டின் அன்றைய விலையைப்போலப் பல மடங்குக்குப் போகிறது. கட்டைவிரல் அளவேயான அதன் எடை ஏறத்தாழ மூன்று கிராம். பெட்டியின் முனையில் ஒட்டியிருக்கும் ஒளிபுகும் வட்ட வில்லையைச் சூடுகாட்டி இளக்கி, உருவத்தை எடுத்துவிட்டு மீண்டும் ஒட்டினால், தராசில் வைத்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிக்கும்போது வில்லையின் ஓரத்தில் பசை இரட்டை வரியாகப் படிந்திருப்பதும், அட்டையின் மேல்தாள் நூலளவு உரிந்திருப்பதும்தான் தடயம். உள்ளே இருப்பதை உறுதி செய்ய வேண்டுமானால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் அதற்குரிய கூடுதல் மதிப்பு போய்விடும். பிரிக்காமல் ஐந்தாண்டு வைத்திருந்தால் காலவரம்பு சிக்கலாகும்: நுகர்வோர் ஆணையத்துக்கு வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டாண்டு, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் பொதுவாக மூன்றாண்டு. ஆகவே பெட்டி வந்த நாளிலேயே ஆறு பக்கங்களையும் வில்லைகளையும் தேதி தெரிய ஒளிப்படம் எடுத்து, எடையைக் குறித்து, விலைப்பட்டியலையும் விற்பவரின் விளம்பரப் பக்கத்தையும் சேமித்து வைப்பது, பின்னாளில் வாதாட இருக்கும் ஒரே கருவியாகிறது.

பரிகாரங்களில், தம் சொந்த உபயோகத்துக்கு வாங்கியவருக்கு வழி நேரானது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ போலியையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்கக்கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாருக்கு ஒப்புகை தந்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையோ, தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்தையோ அணுகலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. மறுவிற்பனைக்கு வாங்கியவருக்கு எஞ்சுவது 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம்: வருணனைப்படி விற்ற பொருள் வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்ற அதன் 15ஆம் பிரிவைக் கொண்டு உரிமையியல் வழக்குத் தொடரலாம். பணத்தை வாங்கிக்கொண்டு பெட்டியே அனுப்பாத ஏமாற்றுக்கு, இணையக் குற்ற உதவி எண் 1930ஐ எவ்வளவு விரைவாக அழைக்கிறாரோ அவ்வளவுக்குப் பணம் முடக்கப்படும் வாய்ப்பு உண்டு.

பெட்டிகளைத் தாமே வாங்கிக் கிடங்கில் வைத்து மாதந்தோறும் நிலையான வருமானம் தருவதாகக் கூறிப் பணம் திரட்டுவோர் வந்தால், அது பொம்மை வணிகம் என்ற எல்லையைக் கடந்துவிடுகிறது. இதே பாணியில் பணம் திரட்டிய ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் 2012இல் ஈரோட்டுப் பகுதியில் சரிந்ததைக் கண்ட தமிழ்நாட்டில், முதலீட்டாளர் நலன் காக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்கீழ் விசாரிக்கும் பொருளாதாரக் குற்றப்பிரிவும் இத்தகைய வசூலுக்கென்றே உள்ளன.

வாங்கியவர் ஒருநாள் விற்பவராகும்போது நிலை தலைகீழாகிறது. எப்போதோ ஒரு பெட்டியை விற்கும் தனிநபருக்கு மின்வணிக விதிகள் பொருந்தா. முறையாகத் தொடர்ந்து விற்பவருக்குப் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்போர், பொம்மைக்கான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20இலிருந்து 60 விழுக்காடாகவும் 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்ந்ததையும், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளில் 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமானதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இப்படி விற்பவரிடமிருந்து தம் பிள்ளைக்காகப் பெட்டியை வாங்கிப் பிரித்துப் பார்த்து, ஓர் உருவம் குறைவதைக் கண்டவரோ சட்டப்படி முழு நுகர்வோர். தமக்கு மறுக்கப்பட்ட அதே ஆணையத்தில், இம்முறை எதிர்மனுதாரராக விற்றவர் நிறுத்தப்படலாம்.