செருகுநிரல் முரண்பாடு

செருகுநிரல் முரண்பாடு என்பது ஒரு மென்பொருளும் அதனுள் சேர்க்கப்பட்ட செருகுநிரலும், அல்லது இரு செருகுநிரல்களும், ஒத்தியங்க இயலாத நிலையைக் குறிக்கும். ஒளிப்படத் தொகுப்பு மென்பொருட்களைப் புதிய பதிப்புக்கு மாற்றியவுடன் இது அடிக்கடி ஏற்படுகின்றது. பட்டியில் இருந்த வடிகட்டி காணாமற் போதல், மென்பொருள் தொடக்கத்திலேயே நின்றுவிடுதல், ஒரு கட்டளையை இயக்கியதும் மூடிக்கொள்ளுதல் ஆகியன இதன் பொதுவான அறிகுறிகளாகும்.

காரணம்

செருகுநிரல் தனித்து இயங்குவதில்லை. முதன்மை மென்பொருள் வழங்கும் செயற்கூறுகளை அழைத்தே அது படத்தைப் பெற்று, மாற்றி, திருப்பி அளிக்கின்றது. இச்செயற்கூறுகளின் தொகுதி நிரலாக்க இடைமுகம் எனப்படும். புதிய பதிப்பில் இவ்விடைமுகம் மாறும்போது, பழைய செருகுநிரல் அங்கு இல்லாத செயற்கூறு ஒன்றை அழைக்க நேரிடுகின்றது. இதனால், கோப்பில் எந்தப் பழுதும் இல்லாதபோதும் செருகுநிரல் இயங்காது.

எடுத்துக்காட்டுகள்

கட்டற்ற மென்பொருளான கிம்ப்பின் 2.10 பதிப்பு 2018 இலும், 3.0 பதிப்பு 2025 மார்ச்சிலும் வெளியாயின. 3.0 இல் இடைமுகம் பெருமளவு மாற்றப்பட்டதுடன், பைத்தான் 2 இன் இடத்தைப் பைத்தான் 3 பெற்றது. எனவே 2.10 க்கு எழுதப்பட்ட பைத்தான் செருகுநிரல்கள் திருத்தப்படாமல் 3.0 இல் இயங்கா. மேலும் 3.0 இல் ஒவ்வொரு செருகுநிரலும் தன் பெயரையே கொண்ட தனிக் கோப்புறையில் இருத்தல் வேண்டும். லினக்சில் அக்கோப்புக்கு இயக்கும் அனுமதியும் தேவை.

அடோபி போட்டோசாப்பில் செயலியின் வகையும் காரணமாகின்றது. 2008 இல் வெளியான சிஎஸ்4 பதிப்பு விண்டோசில் 64 பிட் வடிவிலும் கிடைத்தது. அதில் 32 பிட் செருகுநிரல்கள் ஏற்றப்படவில்லை.

இயங்கும் முறை வேறுபாடு

கிம்ப்பில் செருகுநிரல் தனியொரு செயல்முறையாக இயங்குகின்றது. ஆகவே அது செயலிழந்தாலும் பெரும்பாலும் ஒரு பிழைச்செய்தி மட்டுமே தோன்றும். போட்டோசாப்பின் வடிகட்டிச் செருகுநிரல்களோ அம்மென்பொருளின் நினைவகத்திலேயே ஏற்றப்படுகின்றன. அங்கு ஒரு செருகுநிரலின் பிழை முழு மென்பொருளையும் நிறுத்தி, சேமிக்கப்படாத வேலையை இழக்கச் செய்யலாம்.

கண்டறியும் முறை

1. முதலில் எல்லாச் செருகுநிரல்களையும் விலக்கி மென்பொருளைத் தொடங்க வேண்டும். போட்டோசாப்பைத் தொடங்கியவுடன் சிப்ட் விசையை அழுத்திப் பிடித்தால், பிற நிறுவனச் செருகுநிரல்களைத் தவிர்க்கலாமா என அது கேட்கும். கிம்ப்பில், பயனரின் செருகுநிரல் கோப்புறையில் உள்ளவற்றை வேறிடத்துக்கு நகர்த்தலாம்.
2. சிக்கல் அப்போதும் நீடித்தால் காரணம் வேறு. நீங்கினால், செருகுநிரல்களில் பாதியை மட்டும் திரும்பச் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.
3. சிக்கல் எந்தப் பாதியில் உள்ளதோ அதனை மீண்டும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இவ்வாறு 32 செருகுநிரல்களில் குற்றமுள்ள ஒன்றை ஐந்து சோதனைகளில் கண்டறியலாம்.
4. இரு பாதிகளும் தனித்தனியே நன்கு இயங்கி, சேர்த்தால் மட்டும் சிக்கல் எழுமாயின், முரண்பாடு இரு செருகுநிரல்களுக்கு இடையே இருக்கக்கூடும்.

கிம்ப்பை முனையத்திலிருந்து தொடங்கினால், எந்தச் செருகுநிரல் பிழை தருகின்றது என்பதை அங்கு தோன்றும் செய்திகளிலிருந்து அறியலாம்.

தீர்வுகள்

புதிய பதிப்புக்கென வெளியிடப்பட்ட செருகுநிரலை நிறுவுவதே முறையான தீர்வாகும். பழைய கோப்புறையை அப்படியே படியெடுத்துப் புதிய பதிப்பில் இடுவது பல முரண்பாடுகளுக்கு வழிவகுக்கும். தொடர்ந்து வரும் பணிகள் முடியும்வரை பழைய பதிப்பை நீக்காமல் வைத்திருப்பது பாதுகாப்பானது. கிம்ப் 2.10, 3.0 ஆகியவை தம் அமைப்புகளைத் தனித்தனிக் கோப்புறைகளில் வைத்துக்கொள்கின்றன.

கைவிடப்பட்ட செருகுநிரல்கள்

உருவாக்குநர் பராமரிப்பை நிறுத்திவிட்டால் புதிய பதிப்பு கிடைக்காது. கூகுள் நிறுவனம் 2016 இல் இலவசமாக்கிய நிக் கலெக்சன் என்னும் செருகுநிரல் தொகுப்பு இனி மேம்படுத்தப்படாது என 2017 இல் அறிவித்தது. அதே ஆண்டில் டிஎக்சுஓ நிறுவனம் அதனை வாங்கி, 2018 இல் புதிய பதிப்பை வெளியிட்டது. மூல நிரல் திறந்திருக்கும் செருகுநிரலை எவரும் புதிய இடைமுகத்துக்கு ஏற்பத் திருத்தலாம். மூடிய செருகுநிரலை அதன் உரிமையாளர் மட்டுமே திருத்த இயலும். ஆகவே நீண்டகாலப் பணிகளுக்குச் செருகுநிரலைத் தெரிவு செய்யும்போது அதன் பராமரிப்பு நிலையையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.