ஓராண்டு காத்திருந்தால் இடம் கிடைத்துவிடுமா?

ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்கள் வந்துவிட்டால், நம் திக்லிபூரில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் கடையிலும் கோயில் வாசலிலும் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், இந்த வருஷம் மார்க் பத்தவில்லை. ஒரு வருஷம் டிராப் எடுத்து மறுபடி எழுதினால் நல்ல காலேஜ் கிடைக்குமா?"

ரயிலே இல்லாத ஊரில் ஓய்வு பெற்ற ரயில்வே எஞ்சினியரிடம் கல்லூரி பற்றிக் கேட்பது வேடிக்கைதான். நான் டிப்ளமோ படித்து, தண்டவாளப் பராமரிப்பில் வாழ்நாளைக் கழித்தவன். கல்வி நிபுணன் அல்லன். மாலை வேளைகளில் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதால் என்னிடம் வருகிறார்கள். இந்தக் கேள்விக்கு "ஆம்", "இல்லை" என்று ஒரு சொல்லில் பதில் கிடையாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். அந்தக் கணக்கை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிள்ளைகள் ஓராண்டு இடைவெளி விட்டுக் கல்லூரிக்குப் போகிறார்களே, அது நல்லதென்று சொல்கிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகம் தான் தேர்ந்தெடுத்த மாணவர்களிடமே, விரும்பினால் ஓராண்டு கழித்துச் சேரலாம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2009 முதல், சேரவிருக்கும் மாணவர்கள் சிலரை ஓராண்டு வெளிநாட்டில் தொண்டு செய்ய அனுப்புகிறது. ஆனால் அங்கெல்லாம் இடம் முதலில் கைக்கு வந்துவிடுகிறது, இடைவெளி பிறகுதான். நம் பிள்ளைகள் இடம் இல்லாமல் காத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம், விஷயம் வேறு.

நம் நாட்டில் பெரும்பாலான இடங்கள் தேர்வு மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன. மருத்துவத்துக்கு நீட், ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்றவற்றுக்கு ஜே.இ.இ., டெல்லிப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் கியூட். இந்தத் தேர்வுகளின் பட்டியலில் "இவன் ஓராண்டு காத்திருந்தவன்" என்பதற்காக ஒரு மதிப்பெண் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆகவே ஓராண்டு என்பது தன்னளவில் எதையும் வாங்கித் தராது. அந்த ஆண்டில் ரேங்க் எவ்வளவு நகரும், அந்த நகர்வு நமக்கு வேண்டிய கோட்டைத் தாண்டுமா என்பதே கேள்வி. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வைப் போலப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தரும் இடங்களுக்கோ, சும்மா காத்திருந்து பயனே இல்லை. சி.பி.எஸ்.இ. நடத்தும் இம்ப்ரூவ்மெண்ட் தேர்வை எழுதினாலும், அந்த மதிப்பெண்ணை அக்கல்லூரி ஏற்குமா என்று விவரக் குறிப்பேட்டில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கோச்சிங் சென்டர் விளம்பரம். "மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ரிப்பீட்டர்களே" என்று சொல்லுவார்கள். அது பொய்யன்று. நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழக அரசு 2021இல் அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்கள் 2016-17இல் 12.47 சதவீதம், 2020-21இல் 71.42 சதவீதம். நீட் வந்தபின் நிலைமை எப்படித் தலைகீழாக மாறியது என்பதை இது காட்டுகிறது. அந்தக் குழு இதை ஒரு குறையாகவே எடுத்துச் சொன்னது. விளம்பரக்காரர்கள் அதையே விற்பனைச் சரக்காக்கிவிட்டார்கள்.

இங்கேதான் நாம் ஏமாறக் கூடாது. சேர்ந்தவர்களில் எழுபது பேர் ரிப்பீட்டர் என்பது வேறு. ரிப்பீட்டர்களில் எழுபது பேர் சேர்ந்தார்கள் என்பது வேறு. ஒரு கற்பனைக் கணக்குப் பாருங்கள். நூறு இடங்கள். முதல்முறை எழுதுபவர்கள் மூவாயிரம் பேர், மறுமுறை எழுதுபவர்கள் ஆயிரம் பேர். நூறு இடங்களில் எழுபதை மறுமுறைக்காரர்கள் பிடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர்களில் ஆயிரத்துக்கு எழுபது பேர்தான் உள்ளே போனார்கள். 930 பேர் வெளியேதான். முதல்முறைக்காரர்களில் நூற்றுக்கு ஒருவர், மறுமுறைக்காரர்களில் நூற்றுக்கு ஏழு பேர். ஆக, வாய்ப்புக் கூடுகிறது என்பதும் உண்மை. பெரும்பாலோருக்குக் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. அந்தக் கூடுதலிலும் ஒரு பகுதி, கோட்டை மயிரிழையில் தவறவிட்டவர்களே அதிகம் காத்திருக்கிறார்கள் என்பதால் வருவது. விளம்பரப் பலகையில் அந்த எழுபது பேரின் படம் இருக்கும். 930 பேரின் படம் இருக்காது.

உண்மை எண்களும் சிறியவை அல்ல. 2025இல் நீட் எழுதியவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கு மேல். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள், தனியார் கல்லூரிகளையும் சேர்த்து, சுமார் 1.2 லட்சம்தான். "நீட் பாஸ்" என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம்; பாஸ் வேறு, இடம் வேறு.

சரி, நம் பிள்ளைக்கு எப்படி முடிவு செய்வது? என் தொழிலிலிருந்து ஒரு முறையைச் சொல்கிறேன். தண்டவாளம் மாற்ற வேண்டுமென்றால் அந்தப் பாதையில் சில மணி நேரம் ரயில்களை நிறுத்தச் சொல்லிக் கேட்போம். அதற்கு பிளாக் என்று பெயர். பிளாக் கேட்டவுடன் மேலிடம் மூன்று கேள்வி கேட்கும். என்ன வேலை? ஆளும் சாமானும் இடத்துக்கு வந்துவிட்டனவா? எத்தனை மணிக்குப் பாதையைத் திருப்பித் தருவாய்? மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் பிளாக் கிடைக்காது. பிள்ளையின் வாழ்க்கையில் ஓராண்டு பிளாக் கேட்கும்போதும் இதே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

என்ன வேலை? "நன்றாகப் படிப்பான்" என்பது பதிலாகாது. நீட் எழுதியவர்களுக்கு அவர்களுடைய விடைத்தாளின் நகலும் சரியான விடைகளும் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு உட்காருங்கள். 180 கேள்வி, 720 மதிப்பெண். சரிக்கு நான்கு கூடும், தவறுக்கு ஒன்று குறையும். ஒரு பிள்ளை 100 சரி, 60 தவறு, 20 விட்டுவிட்டது என்றால் 340. அந்த 60 தவறில், தெரியாமலே குருட்டாம்போக்கில் குறித்தவை 20 என்றால், அவற்றை விட்டிருந்தாலே 360. பாடம் தெரிந்தும் அவசரத்தில் தப்பானவை இன்னும் 20 என்றால், அவற்றைச் சரி செய்தால் 460. இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஓராண்டு வேலை இருக்கிறது, அந்த வேலையைக் கண்ணால் பார்க்கவும் முடிகிறது. மாறாக, பதினொன்றாம் வகுப்பிலிருந்தே இயற்பியலின் அடிப்படை புரியவில்லை, தவறுகள் எல்லாப் பாடத்திலும் பரவிக் கிடக்கின்றன என்றால், அதே புத்தகத்தை அதே முறையில் இன்னொரு தடவை புரட்டுவதால் பெரிதாக ஒன்றும் மாறாது.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. மதிப்பெண்ணை ஒப்பிடாதீர்கள்; ரேங்கை ஒப்பிடுங்கள். 2024இல் முழு 720 மதிப்பெண்ணும் எடுத்தவர்கள் பதினேழு பேர். 2025இல் நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686. வினாத்தாள் கடினமானால் எல்லாருடைய மதிப்பெண்ணும் இறங்கும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீடு. மற்றவை அந்தந்த மாநிலத்தின், யூனியன் பிரதேசத்தின் பங்கு. 2015இல் நூறு இடங்களோடு போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தொடங்கிய நம் மருத்துவக் கல்லூரியும் இதில் அடக்கம். ஆகவே சென்னை உறவினர் சொல்லும் கட்-ஆப் நமக்கு உதவாது. தீவுவாசிகளின் பட்டியலில், நம் பிரிவில், கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க் என்ன, நம் பிள்ளை அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். தீவுவாசி என்ற தகுதிக்குரிய சான்றிதழ்கள் சரியாக உள்ளனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

ஆளும் சாமானும் உண்டா? மெயின்லேண்டில் விடுதியில் தங்கிக் கோச்சிங் படிப்பதென்றால் கட்டணம், விடுதி, சாப்பாடு, கப்பலோ விமானமோ எல்லாம் சேர்த்துக் காகிதத்தில் எழுதுங்கள். கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஓராண்டு கழித்து வரும் உண்மையான கல்லூரிச் செலவுக்கு என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றால், சென்னையிலிருந்து வரும் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பின் இணைய வகுப்புகள் முன்போல எட்டாக் கனி அல்ல. ஆனால் மழைக்கால மின்தடை நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடைக்கும் தோட்டத்துக்கும் பிள்ளையை இடையிடையே கூப்பிட மாட்டோம் என்று வீட்டாரும் உறுதி சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கிற பிள்ளையை "சும்மாதானே இருக்கிறாய்" என்று வேலை ஏவுவது நம் வீடுகளில் புதிதா என்ன? பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம்.

எத்தனை மணிக்குப் பாதை திரும்பும்? அதாவது, கெடு எது, மாற்று எது? நீட் தேர்வுக்கு இத்தனை தடவைதான் என்ற வரம்பு இல்லை; உச்ச வயது வரம்பும் 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. வரம்பு இல்லாததே ஓர் ஆபத்து. இரண்டு, மூன்று, நான்கு என்று ஆண்டுகள் போய்க்கொண்டே இருக்கும். ஜே.இ.இ. மெயினைப் பிளஸ் டூ முடித்த ஆண்டு தொடங்கி மூன்று ஆண்டுகள் எழுதலாம். அட்வான்ஸ்டு தேர்வோ அடுத்தடுத்த இரண்டே ஆண்டுகள்தான். அதிலும் ஏற்கனவே ஐ.ஐ.டி.யில் இடத்தை ஏற்றுக்கொண்டவர் மறுபடி எழுத முடியாது. 2024 நவம்பர் 5ஆம் தேதி இந்த இரண்டை மூன்றாக்கி அறிவிப்பு வந்தது. 18ஆம் தேதியே அது திரும்பப் பெறப்பட்டது. இடையில் அறிவிப்பை நம்பிச் சேர்ந்த கல்லூரியை விட்டுவிட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று. அப்படி விட்டவர்களுக்கு மட்டும் 2025 ஜனவரியில் நீதிமன்றம் வழிவிட்டது. பறக்கிறதற்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விடாதே என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

ஆகவே காத்திருப்பதென்று முடிவு செய்தாலும் ஒரே ஒரு ஆண்டு என்று வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த ஆண்டிலேயே மற்ற படிப்புகளுக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி இருக்கிறது. போர்ட் பிளேரில் ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயமும், அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளன. டிப்ளமோ படித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் உண்டு. சேர்ந்துகொண்டே மறுபடி எழுதலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். எழுதலாம். ஆனால் இடையில் விலகினால் கட்டணம் என்ன ஆகும், சான்றிதழ்களை எப்போது தருவார்கள் என்று சேரும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த முறையில் இரண்டு குடும்பங்களோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பெண்ணின் தாளில் தவறுகள் பெரும்பாலும் இயற்பியலில் மூன்று பாடங்களிலும் அவசரத்திலும் அடங்கின. தீவுப் பட்டியலில் கோட்டுக்கு அருகில்தான் நின்றாள். காத்திருக்கட்டும் என்றேன். இன்னொரு வீட்டில் தகப்பனாருக்கே ஆசை. பையனைத் தனியே கேட்டபோது, மெஷின்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் தனக்குப் பிடிக்கும் என்றான். அவன் டிப்ளமோவில் சேர்ந்தான். தகப்பனாருக்கு என்மேல் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது, இப்போது பேசுகிறார்.

கடைசியாகச் சொன்னாலும் முதலில் நினைக்க வேண்டியது பிள்ளையின் மனம். பயிற்சி நகரமான கோட்டாவில் 2023ஆம் ஆண்டில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம், பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, ரேங்க் உத்தரவாதம் தரக் கூடாது என்று பயிற்சி நிலையங்களுக்கு வழிமுறை வகுத்தது. சட்டம் செய்வதைச் செய்யட்டும்; வீட்டில் நாம் செய்ய வேண்டியது வேறு. "உனக்காக இவ்வளவு செலவு செய்தோம்" என்ற பேச்சை அந்த ஓராண்டில் யாரும் எடுக்கக் கூடாது. தூக்கம் கெட்டு, பேச்சுக் குறைந்து, சாப்பாட்டில் நாட்டம் இல்லாமல் போனால், தேர்வை ஒதுக்கி வைத்துவிட்டு டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

விடைத்தாளும், செலவுக் காகிதமும், மாற்றுக் கல்லூரியின் விண்ணப்பமும் மேஜைமேல் இருக்க, பிள்ளையும் வாய் திறந்து "எனக்கு இது வேண்டும்" என்று சொன்னால், ஓராண்டைத் தாராளமாகக் கொடுங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும், கிடைத்த இடத்தில் சேர்த்து விடுங்கள். இந்த ஆண்டு விடைத்தாளோடு வர விரும்பும் பிள்ளைகள் மாலை வேளையில் வரலாம். கணக்குப் போட நானும் கூட உட்காருகிறேன்.