தீராத குவியல்

உள்ளே ஓடும் உலகம் – 11

போடிநாயக்கனூரில் ஏலக்காய் பொறுக்கும் இடத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பூப்பாறை, சாந்தாம்பாறைப் பக்கமிருந்து மலையிறங்கி வந்த காய் குவிந்து கிடக்கும். பெண்கள் அள்ளி முறத்தில் பரப்புவார்கள். நல்ல பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது இன்னொரு பக்கம். ஒவ்வொரு முறை அள்ளும்போதும் குவியல் கொஞ்சம் கரைகிறது. அதனால்தான் வேலை ஒரு நேரத்தில் முடிகிறது.

கணினி நிரலில் வரும் ‘லூப்’பும் இதுதான். குவியல் இருக்கும்வரை அள்ளு, பிரி, மறுபடி அள்ளு. விதி எழுதியவர் பச்சைக்கும் வெடித்ததற்கும் கூடை வைத்துவிட்டு, வெளுத்த காயை மறந்துபோனார் என்று வையுங்கள். பொறுக்குகிற அக்கா அதைத் தனியே ஒதுக்கிவிடுவார். எந்திரத்துக்கு அது தெரியாது. கூடை இல்லாத காயைக் குவியலிலேயே போடும், மறுபடி அதையே எடுக்கும், மறுபடி போடும். குவியல் தீரவே தீராது.

2008 டிசம்பர் 31 அன்று இது நிஜமாகவே நடந்தது. மைக்ரோசாஃப்ட்டின் ‘ஸூன்’ பாட்டுக் கருவியில் 30 ஜிபி மாடல்கள் ஒரே நாளில் உறைந்து நின்றன. உள்ளிருந்த கடிகார டிரைவர் (கடிகாரத்தைக் கையாளும் நிரல்), 1980 தொடக்கத்திலிருந்து நாள்களை எண்ணி, அதிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கும். எண்ணிக்கை 365-க்கு மேல் இருக்கும்வரை சுற்ற வேண்டும். சாதாரண ஆண்டென்றால் 365-ஐக் கழிக்க வேண்டும். லீப் ஆண்டென்றால், 366-க்கு மேல் இருந்தால் மட்டும் 366-ஐக் கழிக்க வேண்டும்.

2008 ஒரு லீப் ஆண்டு. அதன் கடைசி நாளில் கையில் மிஞ்சியது சரியாக 366. அது 365-ஐவிடப் பெரியது, ஆகவே சுற்று நிற்காது. 366-க்கு மேல் இல்லை, ஆகவே எதுவும் கழியாது. வெளுத்த காய் அதுதான்.

ஒரு சாதாரண செயலி இப்படிச் சுற்றினால் இயங்குதளம் அதை நிறுத்திவைத்து மற்றவற்றுக்கு நேரம் தரும். இங்கே சிக்கியதோ இயங்குதளத்தின் சொந்த உறுப்பு. அணைத்துப் போட்டாலும், தொடங்கும்போதே அதே பள்ளத்தில் விழுந்தது. பேட்டரி தீரட்டும், ஜனவரி 1 கிரீன்விச் நண்பகலுக்குப் பிறகு சார்ஜ் போடுங்கள் என்றது நிறுவனம். நாள் நகர்ந்து எண் 367 ஆனது, சுற்று முடிந்தது. கருவி விற்பனைக்கு வந்தது 2006 நவம்பரில். அது சந்தித்த முதல் லீப் ஆண்டு முடிவே இதுதான். அதனால்தான் பிழை அதுவரை தலைகாட்டவில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில், இப்படிச் சிக்குவதைக் கண்டுபிடிக்கவென்றே ஒரு காவல்காரன் உண்டு. ஒரு சிபியு கெர்னலுக்குள்ளேயே ஏறக்குறைய 20 விநாடி மாட்டிக்கொண்டால், ‘சாஃப்ட் லாக்கப்’ என்று எச்சரித்து, நிரலின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் அச்சிடும். பிழை தேடுபவர் அங்கிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் மாறாமலே நிற்கும் எண்ணைத் தேட வேண்டும்.

லூப் எழுதும் இளையவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். ஒவ்வொரு கிளையிலும் நின்று கேளுங்கள்: இந்தச் சுற்றில் குவியலிலிருந்து என்ன குறைந்தது? பதில் இல்லாத கிளை ஒன்று இருந்தாலும், அதற்கான நாள் ஒருநாள் வந்தே தீரும்.

போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் ஏறும் லாரியும் இறங்கும் ஜீப்பும், ‘நீ முதலில் விலகு’ என்று எதிரெதிரே நின்றுவிட்டால்? கெர்னலுக்குள்ளும் அப்படி ஒரு நெரிசல் உண்டு. அது அடுத்த வாரம்.

(தொடரும்)