படத்தைக் கண்டு மயங்கி விழும் கணிப்பொறி

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் உங்கள் வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரு மடிக்கணிப்பொறி இருக்கிறது. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் உங்கள் அக்காவுக்குக் கிடைத்தது அது. பாட்டரி செத்து வெகுநாளாயிற்று. செருகி வைத்தால்தான் ஓடும்; மின்சாரம் போனால் அதுவும் போய்விடும்.

ஒருநாள் 'படங்கள்' என்ற கோப்புறையைத் திறக்கிறீர்கள். சாளரம் தோன்றுகிறது, சின்னஞ்சிறு படங்கள் வரிசையாக வந்து நிற்கத் தொடங்குகின்றன, சட்டென்று எல்லாம் மறைந்துவிடுகிறது! மறுபடி திறந்தாலும் அதே கதைதான்.

கணிப்பொறியைப் பையில் வைத்துக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து ஏறுகிறீர்கள். கடையில் பார்த்தவர், "ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்" என்கிறார். சரியாகத்தான் போகும். ஆனால் அக்காவின் பன்னிரண்டாம் வகுப்புக் குறிப்புகள், மலைச் செடிகளைப் பற்றி நீங்கள் எடுத்த 800 படங்கள், மறைந்துபோன தாத்தாவின் படம் எல்லாமே சேர்ந்து போய்விடும். தலைவலிக்குத் தலையை எடுப்பது போன்ற வைத்தியம் இது. சற்றுப் பொறுங்கள். உண்மையில் கெட்டுப்போனது எது என்று முதலில் பார்ப்போமா?

நூலகத்தில் புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றன. கேட்டதை எடுத்துக் காட்டுபவர் நூலகர். அவர் மயங்கி விழுந்துவிட்டால் புத்தகங்கள் தீப்பிடித்துவிட்டன என்று யாராவது சொல்வார்களா? கணிப்பொறியில் கோப்புகள் இருப்பது வட்டில். அவற்றை நமக்குக் காட்டுவது கோப்பு உலாவி என்ற தனி நிரல். மயங்கி விழுந்தது இந்த நூலகர்தான்.

அந்த மடிக்கணிப்பொறிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற இயங்குதளத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. அதில் இருந்த கோப்பு உலாவியின் பெயர் நாட்டிலஸ். 1999இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஈசல் என்ற சிறு நிறுவனம் அதை எழுதியது. 2001 மார்ச்சில் முதல் பதிப்பு வெளிவந்தது. மே மாதம் நிறுவனத்தையே மூடிவிட்டார்கள்! நிரலின் மூலம் எல்லோருக்கும் திறந்திருந்ததால் மற்றவர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். சுருள் ஓட்டுக்குள் வாழும் ஒரு கடல் உயிரியின் பெயர்தான் நாட்டிலஸ்.

சரி, நூலகர் ஏன் மயங்கினார்? கோப்புறையைத் திறந்தவுடன் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குட்டிப் படத்தை உலாவி தயாரிக்க வேண்டும். அதற்குப் படக்கோப்பு முழுவதையும் படித்தாக வேண்டும். கோப்பின் தொடக்கப் பகுதியில் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்ற எண்கள் இருக்கின்றன. அவை பழுதாகி, ஜேபெக் முறையில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண்ணான 65,535 இரண்டு இடத்திலும் நிற்பதாகக் கொள்ளுங்கள். புள்ளிக்கு 3 பைட்டு வீதம் சுமார் 1,288 கோடி பைட்டு இடம் தேவைப்படும். 2 ஜிகாபைட்டு நினைவகம் உள்ள கணிப்பொறியிலோ மொத்தமே சுமார் 214 கோடி பைட்டுதான்! கவனமாக எழுதிய நிரல், "இந்தப் படம் வேண்டாம்" என்று ஒதுக்கிவிட்டு மேலே போகும். அப்படிச் சோதிக்காத நிரல் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கையை வைக்கும். இயங்குதளம் அதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். அதைத்தான் நாம் 'கிராஷ்' என்கிறோம்.

படம் எப்படிப் பழுதாயிற்று? கோப்பை நகலெடுத்து முடித்ததாகத் திரை சொன்னாலும், அதில் ஒரு பகுதி இன்னும் வட்டுக்குப் போகாமல் நினைவகத்தில் காத்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனால் பாதிக் கோப்புதான் மிஞ்சும். பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்கினாலும் இப்படித்தான்.

இப்போது வேலைக்கு வருவோம். டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'எல்', 'எஸ்' என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டுக் கோப்புறையின் பெயரை எழுதுங்கள். பட்டியல் வரிசையாக ஓடும். இங்கே குட்டிப் படம் எதுவும் தயாரிக்கத் தேவையில்லை, ஆகவே மயக்கமும் இல்லை. தாத்தாவின் படம் இருக்கிறதா? நிம்மதி! உடனே எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். நகலெடுக்கும்போது அடிக்கடி பிழை வந்தாலோ, வட்டு 'டக் டக்' என்று ஒலித்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். வட்டே பழுதாகியிருக்கலாம், அது விவரம் தெரிந்தவர் கையில் போக வேண்டிய வேலை.

அடுத்து, உலாவியின் அமைப்புகளில் குட்டிப் படம் காட்டுவதை நிறுத்துங்கள். விண்டோஸிலும் இதற்கு வழி உண்டு. இப்போது கோப்புறை ஒழுங்காகத் திறந்தால், குற்றவாளி ஏதோ ஒரு படம்தான். திறக்கவில்லையானால் புதிய பயனர் கணக்கு ஒன்றை உண்டாக்கி அதில் உலாவியைத் திறந்து பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் கோளாறு உங்கள் கணக்கின் அமைப்புகளில் இருக்கிறது.

குற்றவாளி படம்தான் என்று தெரிந்துவிட்டது. 800 படங்களில் எது? ஒவ்வொன்றாகச் சோதித்தால் பொழுது விடிந்துவிடும். வயலுக்குப் போகும் நீண்ட குழாயில் அடைப்பு என்றால் அப்பா என்ன செய்வார்? நடு இணைப்பைக் கழற்றிப் பார்ப்பார். அங்கே தண்ணீர் வந்தால் அடைப்பு அடுத்த பாதியில்; வராவிட்டால் முன்பாதியில். நீங்களும் அதையே செய்யுங்கள். 400 படங்களைப் புதிய கோப்புறைக்கு மாற்றி, குட்டிப் படத்தை மறுபடி இயக்கி, அதைத் திறந்து பாருங்கள். உலாவி விழுந்தால் கெட்ட படம் அங்கே; விழாவிட்டால் மற்ற 400இல். பிறகு 200, 100, 50, 25, 13, 7, 4, 2, 1. பத்தே முறை! படங்கள் 1,000 ஆனாலும் பத்து முறைதான். பத்து லட்சமானாலும் இருபது முறைதான். கணிப்பொறி தானே தன் பட்டியல்களில் தேடும்போது கையாளும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஏன் அதே இடத்தில் விழுகிறது என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. தயாரான குட்டிப் படங்களை உலாவி தனி இடத்தில் சேமித்து வைக்கும். ஒரு படம் சரிப்படவில்லையென்றால் அதையும் குறித்துவைக்கும். ஆனால் குறிக்கும் முன்பே தானே விழுந்துவிட்டால்? குறிப்பு இருக்காது; அடுத்த முறையும் அப்பாவியாக அதே படத்தை எடுத்துப் பார்க்கும்.

அகப்பட்ட படத்தை அழித்துவிடாதீர்கள். வேறு கோப்புறையில் ஒதுக்கி வைத்துவிட்டு, அதன் அளவு எத்தனை பைட்டு என்று பாருங்கள். 0 என்றிருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. மற்றப் படங்களின் அளவில் பாதியோ காலோ இருந்தால், முழுப் படமும் கைப்பேசியின் நினைவட்டையில் இன்னும் இருக்கிறதா என்று தேடி, மறுபடி நகலெடுக்கலாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 800 படங்களில் கெட்டவை 2 என்றால், முதல் முறை பிரித்ததுமே இரண்டு பாதிகளிலும் உலாவி விழக்கூடும். அப்போது இரண்டையும் பிடிக்க அதிகப்படியாக எத்தனை முறை திறந்து பார்க்க வேண்டியிருக்கும்?