பெயர் பறிக்கப்பட்டோரின் ஒரு நாள்

நாஜி ஆட்சி யூதர்களுக்கு இழைத்த கொடுமையைக் குறித்துப் பேசுகையில், நச்சுவாயு அறைகளே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. உடனடியாகக் கொல்லப்படாதவர்கள் முகாமில் கழித்த அன்றாட வாழ்வும் நம் சிந்தனைக்குரியது. உயிரைப் பறிக்குமுன் மனிதத்தன்மையைப் பறிக்கும் வேலை அங்கு நாள்தோறும் நடைபெற்றது.

ஜெர்மனி கைப்பற்றியிருந்த போலந்தில் 1940-இல் நிறுவப்பட்ட அவுஷ்விட்ஸ் முகாமை எடுத்துக்கொள்வோம். 1942 முதல் ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து யூதர்கள் இரயில்களில் அங்கே கொண்டுவரப்பட்டனர். முதியோரும், குழந்தைகளும், குழந்தைகளையுடைய தாய்மாரும் பெரும்பாலும் அன்றே கொல்லப்பட்டனர். வேலைக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டோரின் உடைமைகள் பறிக்கப்பட்டன, தலைமயிர் மழிக்கப்பட்டது, முன்கையில் ஓர் எண் பச்சை குத்தப்பட்டது. அதன்பின் அந்த எண்ணே அவர்களது பெயர்.

முகாமின் பிர்க்கெனாவ் பகுதியில், 52 குதிரைகளுக்கென வடிவமைக்கப்பட்ட மரக்கொட்டகை ஒன்றில் 400-க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். விடியுமுன் எழுப்பப்பட்டு, மழையிலும் பனியிலும் வரிசையாக நின்று எண்ணப்பட்டனர். கணக்குத் தவறினால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். பின்னர் நாள் முழுவதும் கடும் உழைப்பு. காலையில் காப்பி என்ற பெயரில் கசப்பு நீர். நண்பகலில் நீர்த்த சூப். மாலையில் ஏறக்குறைய 300 கிராம் ரொட்டி. அதில் ஒரு பகுதியை மறுநாள் காலைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும், வைத்தாலோ திருடப்படலாம். இவ்வாறு பசியே சிந்தை முழுவதையும் ஆட்கொண்டது. பலர் சில மாதங்களுக்குள்ளேயே மாண்டனர்.

1944-இல் அங்கே கைதியாயிருந்த இத்தாலிய வேதியியலாளர் பிரிமோ லேவி, தம் நூலில் ஒரு சக கைதியை நினைவுகூருகிறார். முன்னாள் படைவீரரான அவர், சோப்பின்றி அழுக்கு நீரிலேனும் நாள்தோறும் தம் உடலைக் கழுவுவார். தம்மை மிருகமாக்க முயலும் அமைப்புக்கு இணங்க மறுத்ததன் அடையாளம் அது. வேறு சிலர் மறைவாக ஜெபித்தனர். சிலர் ரொட்டியைப் பகிர்ந்துகொண்டனர். எல்லாராலும் இது இயலவில்லை. இயலாதவர்களை நியாயந்தீர்க்க நமக்கு உரிமையில்லை.

1945 ஜனவரி 27 அன்று சோவியத் படை முகாமை விடுவித்தபோது ஏறத்தாழ 7,000 பேரே அங்கு எஞ்சியிருந்தனர். அங்கே மாண்டோர் சுமார் 11 இலட்சம். அவர்களுள் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் யூதர்கள்.

துன்பம் மனிதனைப் புடமிடுகிறது என்று பிரசங்கபீடத்திலிருந்து எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த மரக்கொட்டகையில் நின்று அதைச் சொல்ல முடியுமா? பெரும்பாலான மக்கள் திருமுழுக்குப் பெற்றிருந்த ஒரு நாடே அம்முகாமைக் கட்டியது என்பதையும் மறக்கலாகாது.